கோட்டை மலையில் வைத்த பரீட்சை

மகன் ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஓசூரிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள், அவனும் மருமகளும். வழக்கமாக வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கி வருவான். அன்றைக்குக் கையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே வெள்ளை நிறத்தில், கயிறு வைத்த ஷூ. எனக்காம். எழுபது வயதைத் தாண்டிய பிறகு என் காலுக்கு ஷூ வாங்க வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றினால் அதற்கு ஏதாவது காரணம் இல்லாமல் இருக்காது.

"நாளைக்குக் காத்தால கோட்டைக்குப் போலாம்மா. நீ மேல வரைக்கும் போனதே இல்லையல்ல?" என்றான்.

போனதில்லைதான். சங்ககிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த மலையும் மதிலும் கண்ணில் படாத பொழுது இல்லை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது என் தொழில். இன்றைக்கும் யாராவது கிழிசலைக் கொண்டுவந்து போட்டால் ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறேன். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. குனிந்தால் ஊசி, நிமிர்ந்தால் மலை. அப்படியே வருஷங்கள் போயின. கல்யாணமான புதிதில் ஆடிப் பதினெட்டுக்கு அடிவாரத்துப் பெருமாள் கோயில் வரைக்கும் போனதுண்டு. அதற்குமேல் போக அப்போது நேரம் இல்லை. பிறகு நேரம் இருந்தது, ஆசை இல்லை.

என் மகனும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான். ஒரு நாளும் கோட்டையைப் பற்றி வாய் திறந்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் மேலே கூட்டிக்கொண்டு போனபோது வயிற்று வலி என்று சொல்லிப் போர்த்திப் படுத்தவன். அவனுக்குத் திடீரென்று கோட்டை மேல் என்ன பிரியம்?

விடை சாயங்காலமே கிடைத்துவிட்டது. கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். கொடி கட்டியிருப்பது சமையலறை ஜன்னலை ஒட்டி. உள்ளே மகன் பேசியது தெளிவாகக் கேட்டது.

"நாளைக்கு ஏறட்டும், பாக்கலாம். மேல வரைக்கும் ஏறிட்டாங்கன்னா நா ஒரு வார்த்தை பேச மாட்டேன். தனியாவே இருக்கட்டும். முடியலைன்னா இந்தத் தடவை கையோடக் கூட்டிட்டுப் போயிருவம். ஊட்டப் பூட்டிச் சாவியப் பக்கத்துல குடுத்தறலாம்."

மருமகள், "ம்" என்றாள். அவ்வளவுதான். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கு முந்தின ஐப்பசி மழையில் வாசலில் வழுக்கி விழுந்திருந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடது முழங்கால் மட்டும் வீங்கி, ஒரு மாதத்தில் வற்றியது. பக்கத்து வீட்டுக்காரி அவனுக்குப் போன் பண்ணிவிட்டாள். அதிலிருந்து "தனியா இருக்காதே" என்பதுதான் பேச்சு. நான் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன். வாயால் கேட்டுப் பார்த்து ஆகவில்லை என்று இப்போது மலையிடம் கேட்கக் கிளம்பியிருக்கிறான்.

யோசனை அவனுடையதாக இருக்காது என்று முதலில் நினைத்தேன். அவனுக்கு அவ்வளவு தூரம் சாமர்த்தியம் கிடையாது. மருமகள் ஆபீசில் பத்துப் பேருக்கு வேலை ஏவுகிறவள். அவள் மூளையில்தான் உதித்திருக்கும் என்று முடிவு செய்தேன். இரவு அவள் தைலம் கொண்டுவந்து, "முழங்காலுக்குத் தேச்சு விடட்டுங்களா அத்தை?" என்று கேட்டாள். காலின் நிலைமையைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள் என்று, "காலுக்கு ஒண்ணுமில்ல கண்ணு, நீ போய்ப் படு" என்றேன்.

தை மாதத்துக் கடைசி ஞாயிறு அது. விடிந்ததும் கிளம்பினோம். ஷூவைப் போட்டுப் பார்த்தேன், கால் விரல்கள் சிறைப்பட்டது போல இருந்தது. கழற்றி வைத்துவிட்டு என் ரப்பர் செருப்பையே போட்டுக்கொண்டேன். மகன் அதையும் கவனித்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

அடிவாரத்தில் ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். "கோட்டை" வரைக்கும் படித்து முடிப்பதற்குள் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். நாங்கள் கூப்பிடாமலே, "வாங்க, வாங்க, நா காட்டறேன்" என்று முன்னால் நடந்தார். மகன் அவரை அரசாங்கத்து ஆள் என்று நினைத்து, "சார், சார்" என்றான். அந்தச் சட்டை லாரிக் கிளீனர் சட்டை. தோள்பட்டையில் கிரீஸ் கறை துவைத்தும் போகாமல் இருந்தது. எத்தனை பேர் அந்தச் சட்டையோடு என் எதிரே உட்கார்ந்து தார்ப்பாய்க்குக் காத்திருந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் விட்டுவிட்டேன். எனக்கு அப்போது வேறு கவலை.

முதல் வாசலுக்குப் போகும் முன்பே மூச்சு வாங்கியது. படி ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று ஒரு சாண் உயரம், அடுத்தது ஒரு முழம். மகன் பின்னால் வந்துகொண்டிருந்தான். அவன் கண் என் காலில் இருந்தது என்று திரும்பாமலே தெரிந்தது. நின்றால் தோற்றேன். நிற்காமல் போகவும் முடியாது.

அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. வாசலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, இந்தக் கதவு எந்தப் பக்கம் தெறந்திருக்கும்?" என்று காக்கிச் சட்டையைக் கேட்டேன்.

அவருக்குக் குஷி வந்துவிட்டது. கதவு தேக்கு என்றார். ஆணி அடித்தது என்றார். யானை முட்டினாலும் அசையாது என்றார். ராஜா வந்தால்தான் திறப்பார்கள் என்றார். எந்த ராஜா என்று கேட்டேன். மகன் முகத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, ஒரு ராஜாவைச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் பேசி முடிப்பதற்குள் என் மூச்சு ஒழுங்குக்கு வந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் நான் எதையாவது பார்த்தேன். மூச்சுக்காகத்தான் பார்க்க ஆரம்பித்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பார்க்கப் பார்க்க, பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. நிலைக்கல்லில் கதவு சுழன்ற குழி இருக்கிறது. அதற்குள் விரலை விட்டேன். எண்ணெய் தடவினது போல வழவழப்பு. எத்தனை தடவை திறந்து மூடினால் கல் இப்படித் தேயும்? அடுத்த வாசலுக்குப் போகும் வழி நேராகப் போகவில்லை, சட்டென்று ஒடிந்து திரும்பியது. ஓடி வந்து முட்ட இடமே கொடுக்காமல் கட்டியிருக்கிறான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். குறுகின சந்தில் வண்டியைத் திருப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புவார். இந்த வளைவில் அவர் என்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மதிலைப் பார்த்ததும் எனக்கு என் வேலைதான் ஞாபகம் வந்தது. கீழே பெரிய கல், ஒன்றோடொன்று ஒட்டி, ஊசி போகாத மாதிரி. மேலே அங்கங்கே செங்கல். இடிந்த இடத்துக்குப் போட்ட ஒட்டு. முதலில் கட்டினவன் வேறு, ஒட்டுப் போட்டவன் வேறு. ஒட்டுப் போட்டவன் அவசரக்காரன். கிழிசலைவிட ஒட்டு நாலு விரல் பெரிதாக இருக்க வேண்டும். இவன் ஓட்டை அளவுக்கே வைத்துப் பூசியிருக்கிறான். அதனால்தான் ஓரத்தில் மறுபடி விட்டுக்கொண்டு செடி முளைத்திருக்கிறது.

"என்னம்மா அப்படிப் பாக்கறே?" என்றான் மகன்.

"சுவரப் பாக்கறேன். பாக்கத்தானே கூட்டியாந்தே?"

மருமகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா, இருமுகிறாளா என்று தெரியவில்லை.

மூன்றாவது வாசலில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மகன் நின்றுவிட்டான். சட்டையெல்லாம் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. காவற்காரர்கள் இருந்த அறை என்று காக்கிச் சட்டை காட்டிய இடத்தில், கல்லின்மேல் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தான்.

"ஏனப்பா சாமி?"

"ஒண்ணுமில்லம்மா. காத்தால ஒண்ணும் சாப்படல, அதான். நீங்க ரெண்டு பேரும் போங்க. நா இங்கியே இருக்கறேன்."

நடிக்கிறான் என்று நினைத்தேன். தன்னைச் சாக்காக வைத்து என்னையும் உட்கார வைக்கப் பார்க்கிறான், உட்கார்ந்தால் "முடியலை" என்று எழுதிக்கொள்வான். பெற்றவளுக்கு இப்படி ஒரு எண்ணம் வரலாமா என்று கேட்டால், வந்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன். நாடி தடதடவென்று அடித்தது. நடிப்பு இல்லை. ஐம்பது வயதுதான். நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்து, லிப்டில் ஏறி இறங்குகிற உடம்பு.

"அப்ப எல்லாருமே எறங்கிறலாம்" என்றேன், உள்ளபடியே.

"வேண்டாம், நீ போம்மா" என்றான். "மேல போயி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றான் மருமகளைப் பார்த்து. தான் ஏறாவிட்டாலும் பரீட்சையை விடமாட்டான்!

காக்கிச் சட்டை, "நா பாத்துக்கறனுங்க, நீங்க பயமில்லாமப் போங்க" என்று துண்டால் அவனுக்கு விசிற ஆரம்பித்தார். நானும் மருமகளும் மட்டும் மேலே நடந்தோம்.

இப்போது கேள்வி கேட்க ஆள் இல்லை. மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நாலாவது வாசலைத் தாண்டினேன். அடுத்த ஏற்றத்தில் மருமகள் நின்றாள். "அத்தை, செருப்பு வாரு கழண்டுக்குதுங்க, சித்த நில்லுங்க" என்று குனிந்தாள். எனக்கு அது தோதாயிற்று. கொஞ்ச தூரம் போனதும், "கண்ணுல தூசி விழுந்துருச்சுங்க" என்று நின்றாள். பிறகு கைப்பையில் எதையோ தேட நின்றாள். அவள் நின்ற இடமெல்லாம் எனக்கு நிற்க வேண்டியிருந்த இடம். அவள் செருப்பைப் பார்த்தேன். அதில் வாரே இல்லை. நுழைத்துப் போடுகிற செருப்பு.

எனக்கு உதவி செய்கிறாள். ஏன் செய்கிறாள்? அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் தோற்க வேண்டும் என்பதுதானே இவர்கள் ஏற்பாடு?

வழியில் தானியக் கிடங்கு ஒன்று வந்தது. நீளமான கட்டடம், வளைந்த கூரை. கோட்டைக்குள் ஒரு ஊரே இருந்ததாம், அவ்வளவு பேருக்கும் இதில்தான் நெல் சேர்த்து வைத்தார்களாம். மருமகள் பலகையைப் பார்த்துப் படித்துச் சொன்னாள். உள்ளே போய் நின்றேன். குளுகுளுவென்று இருந்தது. வௌவால் நாற்றம். கூரையில் வெக்கை போக வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லாவிட்டால் நெல் வெந்துபோகும். மூலையில் உச்சியில் சின்னதாக ஒன்று இருந்தது. சரி, பலகையில் எழுதினவன் பொய் சொல்லவில்லை என்று வெளியே வந்தேன்.

ஆறாவது வாசலில் மதில் ஓரம் போய் நின்றோம். ஊர் முழுக்கத் தெரிந்தது. பைபாஸ் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. என் தெருவைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கறுப்புத் தண்ணித் தொட்டியை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

"அத்தை, சொவுரு ஏன் அப்படிக் கறுத்துக் கெடக்குது?" என்றாள் மருமகள்.

தொட்டியைத் தவிர வேறெதுவும் என் கண்ணுக்கு எட்டவில்லை. அவள் போனில் படம் பிடித்து, விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. சுவர் நனைந்து, தெருவில் தண்ணீர் ஓடி வெயிலில் பளபளக்கிறது. மோட்டார் ஓடுகிறது!

மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்திருக்கிறேன். போட்டேனா? போட்டது ஞாபகம் இல்லை. போட்டதே ஞாபகம் இல்லாமல் போட்டிருந்தால் அது இன்னும் மோசம். இந்த மலையில் பத்து வாசல் ஏறினாலும் இந்த ஒன்று போதும், மகன் கையோடு கூட்டிக்கொண்டு போக. இல்லை, இவர்களே வேண்டுமென்று ஓட விட்டு வந்து, என் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ? மேலே கூட்டி வந்து காட்டுகிறாளே, சுவர் கறுத்தது இவளுக்கு மட்டும் எப்படி உடனே கண்ணில் பட்டது?

அவள் போனைக் காதில் வைத்தாள். மகனுக்குத்தான் சொல்லப்போகிறாள் என்று மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நாந்தானுங்க. எங்க ஊட்டு மோட்டார் ஓடுது. சுவிட்சு வெளியில, கேட்டுக்குப் பக்கத்துலதான் இருக்குது. சித்த நிறுத்திருங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி. பேசி முடித்து, போனைப் பையில் போட்டு, "வாங்கத்தை, போலாம்" என்றாள்.

"அவனுக்குச் சொல்லலையா?"

"எதுக்குங்க?"

எதுக்குங்க என்று கேட்டவளை உற்றுப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்கும் மேலே பாறை ஒன்று சமமாகப் பரந்து கிடந்தது. அதன்மேல் சின்னச் சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக யார் யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். சொந்த வீடு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கல் அடுக்குவது மலைக்கோயில்களில் எல்லாம் உள்ள வழக்கம். மருமகள் உட்கார்ந்து அவளும் கல் பொறுக்க ஆரம்பித்தாள். தட்டையான கல்லாகத் தேடி, மூன்று கல் அடுக்கி, நாலாவதை மேலே வைத்தாள். விழுந்தது. மறுபடி வைத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓசூரில் இருக்கிற வீடு இரண்டு அறை. என்னைக் கூட்டிக்கொண்டு போனால் பெரிய வீடு வேண்டும். அதற்குத்தான் இப்போதே வேண்டுகிறாள். இல்லாவிட்டால் என் வீட்டின் மேலேயே கண்ணோ?

"உனக்குத்தான் ஊடு இருக்குதே அம்மணி. இன்னும் எந்த ஊட்டுக்கு வேண்டறே?"

அவள் நிமிரவில்லை. "எனக்கில்லீங்கத்தை. நீங்க உங்க ஊட்டுலயே இருக்கோணும்னு வெக்கறேன்."

எனக்கு முதலில் நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்று. நாலு எட்டு நடந்த பிறகுதான் மற்றொன்று உறைத்தது. நான் என் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால், அவள் வீட்டுக்கு வரக்கூடாது என்றுதானே? செருப்பு வார், கண் தூசி, மோட்டாரைப் பற்றி வாய் திறக்காதது, எல்லாம் இதற்குத்தானா?

"நா வரக்கூடாதுன்னு வேண்டறியா?" திரும்பி நின்று கேட்டேன்.

அவள் எழுந்து கையில் இருந்த மண்ணைத் தட்டினாள். "ஒளிக்காமச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க அங்க வந்துட்டா எனக்கு உக்கார எடமில்லீங்."

"ஏன், நாலு பேரு உக்கார்ற சோபா கெடக்குதல்ல?"

"அதில்லீங்கத்தை. ஆபீசுல நாள் பூரா எனக்கு மேல இருக்கற ஆளு என்னையே பாத்துக்கிட்டிருப்பாரு. ஊட்டுக்கு வந்தா நைட்டியைப் போட்டுக்கிட்டு, காலை நீட்டி, தட்டை மடியில வெச்சுத் திம்பேன். அந்த ஒரு மணி நேரந்தாங்க எனக்கு. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, தெரியும். ஆனாப் பாப்பீங்க."

"பாத்தா என்ன? நா என்ன பூதமா?"

"உங்க பார்வைங்க... தார்ப்பாயில ஓட்டை தேடற பார்வைங்க அது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இந்த நேரத்தில் சிரித்தால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

அவள் சொன்னது சரிதான். என் மாமியார் உயிரோடு இருந்த வரைக்கும் நான் அடுப்படியில் நின்றுகொண்டேதான் சோறு தின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் செத்து மூன்றாம் மாதம், ஒரு நாள் தற்செயலாக உட்கார்ந்து தின்றேன். அன்றைக்குத்தான் இவ்வளவு நாளும் நின்றிருக்கிறேன் என்பதே தெரிந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் வலித்தது. நான் வரமாட்டேன் என்று சொல்வது வேறு, வராதே என்று ஒருத்தி கல் அடுக்குவது வேறு. இரண்டிலும் நான் என் வீட்டில்தான் இருப்பேன். ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஏழாவது வாசலைக் கடந்தோம். எட்டாவது வாசலில் இடது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மேலே உச்சிக் கோயில் தெரிகிறது. இன்னும் ஒரு ஏற்றம், அதற்குப் பிறகு வளைவு, பிறகு படிகள். நான் வாசற்கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் வலது காலை வைத்தேன். இடது கால் கூட வரவில்லை.

மருமகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அத்தை, இங்கியே நில்லுங்க. சித்த அக்கட்டத் திரும்புங்க. ஆமா." போனைக் கீழேயிருந்து மேலாகப் பிடித்துப் படம் எடுத்தாள். கொண்டுவந்து காட்டினாள். படத்தில் என் தலைக்குப் பின்னால் வானம் மட்டும்தான் இருந்தது. உச்சியில் நிற்கிறேன் என்று சத்தியமே செய்யலாம்.

"அனுப்பீறட்டுங்களா?"

அனுப்பினால் முடிந்தது. என் வீடு, என் ஊசி, என் வாசல். மகன் சொன்ன சொல் தவற மாட்டான்.

அவள் விரல் போனுக்கு மேலே நின்றது. அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. இந்தப் படம் பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், நானும் இவளும். நாளைக்கு ஏதாவது ஒரு பேச்சு வந்தால், "அன்னைக்கு மலையில..." என்று அவள் ஆரம்பித்தால் போதும், நான் தலையைக் குனிய வேண்டியதுதான். என் வீட்டில் நான் அவள் தயவில் இருக்க வேண்டுமா? அதற்கு ஓசூரே மேல்.

"அனுப்பாதே. அழிச்சுரு."

"அத்தை, அவரு..."

"நா பேசிக்கறேன்."

அழித்தாளா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அழித்தாள். போன் அழித்ததை எங்காவது ஒளித்து வைத்திருக்குமாம், அதிலிருந்தும் எடு என்றேன். "உங்களுக்கு இதெல்லாம் யாருங்க சொன்னது?" என்று வாயைப் பிளந்தாள். எனக்குத் தார்ப்பாய் கொண்டுவரும் டிரைவர்கள் சொல்லாத விஷயமா?

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினேன். அவள் கையை நீட்டினாள். கொஞ்ச தூரம் பிடிக்கவில்லை. பிறகு பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாசலில் மகன் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்திருந்தான். காக்கிச் சட்டை பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"போட்டோ வரவேயில்ல? மேல வரைக்கும் போனியாம்மா?"

"இல்ல. எட்டு வாசல். அதுக்கு மேல காலு வரல."

அவன் மருமகளைப் பார்த்தான். அவள் மதிலைப் பார்த்தாள்.

"நீ மூணு" என்றேன்.

"அதில்லம்மா இப்பப் பேச்சு..."

"பின்ன எது பேச்சு? நேத்து சாயங்காலம் சமையக்கட்டுல பேசுனதா? மேல ஏறலைன்னா ஊட்டப் பூட்டிக் கூட்டிட்டுப் போறதுன்னா, ஏறாதவங்கள்ல நானும் இருக்கறேன், நீயும் இருக்கறே. உன்னைய ஆரு கூட்டிட்டுப் போயி வெச்சுக் காப்பாத்தறது? நாந்தான் வெச்சுக்கோணும். வா, என் ஊட்டுல எடம் இருக்குது."

காக்கிச் சட்டைக்குக் கடலை புரை ஏறிவிட்டது.

மகனுக்குக் காது சிவந்து போயிற்று. இனி மற்றதையும் நானே சொல்லிவிட வேண்டும், அவள் வாயிலிருந்து எப்போதாவது வருவதற்கு முன்னால். "இன்னொண்ணும் இருக்குது. மோட்டார ஓட விட்டுட்டு வந்துட்டேன். தொட்டி ரொம்பித் தெருவெல்லாம் தண்ணி. அதையும் சேத்து வெச்சு முடிவு பண்ணு."

அவன் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டான். பிறகு, "மோட்டாரப் போட்டது நாந்தாம்மா. குளிக்கறப்போ தண்ணி வரலன்னு போட்டேன்" என்றான்.

உண்மையிலேயே அவன்தான் போட்டானா, எனக்காக அந்த இடத்தில் சொன்னானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் சொல்வதை நம்ப வேண்டிவரும்.

வீட்டுக்கு வந்து பழைய சோறும் மோரும் குடித்துவிட்டு அவன் கடைவீதிக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு இரும்புக் குழாயும் வாடகைக்கு எடுத்த டிரில்லும். குளியலறைச் சுவரில் நான்கு ஓட்டை போட்டு, பிடித்து எழுவதற்குத் தோதாகக் குழாயை அடித்தான். ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. கழற்றி அடிக்கட்டுமா என்றான். சுவரை இன்னும் ஓட்டை பண்ண வேண்டாம், இருக்கட்டும் என்றேன். வாசலில் வழுக்காமல் இருக்கச் சிமெண்டைச் சொரசொரப்பாகப் பூச ஆள் சொல்லிவிட்டான். கூட்டிக்கொண்டு போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது மருமகள் காரில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

"வாரனுங்கத்தை." நின்றாள். "பங்குனியில ஒரு பத்து நாளைக்கு வந்துட்டுப் போங்க."

மகன் சொல்லிக் கொடுத்திருக்கிறானா என்று காரைப் பார்த்தேன். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தேன். எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று தேடினேன். அந்தப் பார்வைதான், அவள் சொன்ன பார்வை. அவளும் கண்ணைத் திருப்பாமல் நின்றாள். பத்து நாள் என்பதைப் பத்து நாளாகவே சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சரி" என்றேன்.

பங்குனியில் போனேன். தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே டிவி சத்தமும் அவள் சிரிப்பதும் கேட்டன. எட்டாம் நாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.